கடுங்குளிரில் எது: காலியம் நைட்ரைடா, சிலிக்கான் கார்பைடா?

திரவ நைட்ரஜன் கொதிப்பது மைனஸ் 196 டிகிரி செல்சியஸில். அந்தக் குளிரில் பவர் டிரான்சிஸ்டர் (பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்னணுச் சுவிட்ச்) ஒன்றை இயக்க வேண்டுமென்றால், இந்த இரண்டு குறைக்கடத்திப் பொருள்களில் என் முதல் தேர்வு காலியம் நைட்ரைடுதான். அதில் மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் வேண்டுமென்றே கலக்கப்படும் மாசு அணுக்களை நம்பி இருப்பவை அல்ல; இரண்டு படிக அடுக்குகள் சந்திக்கும் இடத்தில் மெல்லிய படலமாகத் திரண்டு நிற்பவை. அதனால் குளிரில் அவை முடங்குவதில்லை. படிகத்தின் அதிர்வு அடங்க அடங்க, மின்தடை இன்னும் இறங்குகிறது. சூட்டில் போராடியும் கிடைக்காத திறன் இங்கே தானாக வந்து சேர்கிறது!

சிலிக்கான் கார்பைடு 175 டிகிரி சூட்டிலும் அசராத பொருள். குளிரில்தான் தடுமாறுகிறது. அதில் கலந்துள்ள அலுமினிய அணுக்கள், நேர்மின்னூட்டம்போல நகர்ந்து மின்னோட்டத்தைச் சுமக்கும் ‘துளைகளை’ விடுவிப்பதில்லை. அதன் மேலிருக்கும் மின்காப்பு ஆக்சைடு அடுக்கின் விளிம்பில் எலக்ட்ரான்கள் சிக்கிக்கொள்கின்றன. மின்தடையும், டிரான்சிஸ்டரைத் திறக்கத் தேவையான திறப்பு மின்னழுத்தமும் ஏறுகின்றன. ஆனாலும் 1,200 வோல்ட்டுக்கு மேல் தேவையென்றால் இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

எதை எடுத்தாலும், பக்கத்தில் நிற்கும் மின்தேக்கியைத் தயவுசெய்து கவனியுங்கள். அலுமினிய எலக்ட்ரோலிடிக் வகை வேண்டவே வேண்டாம். உள்ளிருக்கும் திரவம் உறைந்துபோகும். பாலிப்ரொப்பிலீன் படல வகை அந்தக் குளிரிலும் நிலையாக நிற்கிறது.