அம்மாவின் முதல் கீமோ: மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவு

பெருங்குடற் புற்றுநோய் என்று உறுதியாகி, சத்திரசிகிச்சைக் காயம் ஆறியபின், களுவாஞ்சிக்குடியிலிருந்து அம்மாவை முதற் கீமோவுக்கு அழைத்துச் சென்றோம். ஒக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து நாளத்தினூடாக ஏற 2 மணித்தியாலம் எடுக்கும் என்பதையும், தொடர்ந்து 14 நாட்கள் கெபசிட்டபைன் மாத்திரைகளை உணவு முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் விழுங்கி, பின்னர் 7 நாட்கள் நிறுத்தவேண்டும் என்பதையும், தாதி ஒருவர் அருகில் அமர்ந்து, அம்மா திருப்பிச் சொல்லும்வரை பொறுமையாக விளக்கினார்.

குளிர்ந்த எதையும் தொடவேண்டாம் என்ற அவரது எச்சரிக்கையின் பொருள் மறுநாள் காலையில்தான் எங்களுக்குப் புரிந்தது. வாளித் தண்ணீரில் கைவைத்த அம்மா, விரல் நுனிகளில் ஊசி ஏறியதுபோலத் துடித்துக் கையை இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து குடிக்கவும் கழுவவும் இளஞ்சூட்டு நீர்தான். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் நள்ளிரவென்றாலும் வரும்படி கொப்பியில் எழுதித் தந்தது எங்கள் அச்சத்தைப் பாதியாகக் குறைத்தது. மருந்துக்குப் பணம் எதுவும் கட்டவில்லை. கூடச் செல்பவர்கள் சுடுநீர்ப் போத்தலொன்றை மறவாமல் கொண்டுசெல்லுங்கள்.