மூலக்கடையில் சத்தமே வராத ஜெனரேட்டர் பெட்டி

ஜெனரேட்டருக்கு சவுண்ட் ப்ரூஃப் பெட்டி செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பெட்டிக்கு 16,500 ரூபாய் கொடுத்தேன். அது போதாதென்று ஜெனரேட்டரின் ஏவிஆர் போர்டும் (வோல்டேஜைச் சீராக வைக்கிற சர்க்யூட்) போனது. அம்மாவுக்கு எதுவும் ஆகாமல் தப்பித்தது எங்கள் அதிர்ஷ்டம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் நான்கு நாள் கரண்டு இல்லை. அம்மாவுக்கு வீசிங் உண்டு. நெபுலைசர் வைக்க வழியில்லாமல், முழங்கால் தண்ணீரில் அவரை நடத்திக் கூட்டிப்போனோம். அப்புறம்தான் 2.5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கினேன். கம்பிச் சட்டத்துக்குள் எஞ்சின் திறந்தபடி இருக்கும். எங்கள் பக்கம் வீடுகள் சுவரோடு சுவர். முதல் ராத்திரி ஓட்டியதுமே பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து, "தம்பி, இதுக்கு இருட்டே தேவலாம்பா" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு. ஒரு மீட்டர் தள்ளி நின்று என் போன் ஆப்பில் பார்த்தால் 88 காட்டியது.

மூலக்கடைப் பக்கம் ஜிஎன்டி ரோட்டை ஒட்டி ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை. கேட், ஷட்டர், வாட்டர் டேங்க் ஸ்டாண்டு எல்லாம் செய்கிறவர். "சார், இன்னா சார், பக்கத்துல கொழந்த தூங்கும் சார்! 25 டெசிபல் கொறச்சிக் குடுக்கறேன்" என்றார். இரண்டு அடுக்கு 18 கேஜ் தகடு, நடுவில் ராக்வுல் (கல்லை உருக்கி இழையாக்கிய, தீப்பிடிக்காத பஞ்சு), உள்ளே ஃபோம் என்று சொன்னார். எல்லாம் சேர்ந்து 70 கிலோவைத் தாண்டும், குட்டியானை வாடகை தனி என்றும் சொன்னார். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதி நீட்டினார். நானும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த இடத்திலேயே திரும்பி வந்திருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து டெமோ. பெட்டிக்குள் என் ஜெனரேட்டரை வைத்து, ஒரே ஒரு பல்பை மாட்டி, ஸ்டார்ட் செய்து, கதவை மூடினார். ஆச்சரியம், சத்தமே கேட்கவில்லை! கேட்டால்தானே அதிசயம். பின்னால் ஒருவர் கிரைண்டிங் போட்டுக்கொண்டிருந்தார், முன்னால் கண்டெய்னர் லாரிகள் ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு போயின. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த ரோட்டில் நின்றால் பட்டாசு வெடித்தாலே திரும்பிப் பார்க்க மாட்டார்கள். லோடும் இல்லை. ஐந்து நிமிடத்தில் ஆஃப் செய்துவிட்டார். மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் குட்டியானையிலிருந்து பெட்டியை நானும் மச்சானும் இரண்டே பேர் இறக்கினோம். எவ்வளவு லேசாக இருக்கிறது என்று அப்போது சந்தோஷப்பட்டோம், அதுதான் வேடிக்கை.

பெட்டியைப் பின்கட்டுச் சந்தில், படுக்கை அறை ஜன்னலுக்குக் கீழே வைத்தோம். "புகை உள்ளயே ஃபில்டர் ஆயிடும் சார்" என்று சொல்லியிருந்தார். அடுத்த வாரமே ராத்திரி கரண்டு போனது. ஃபிரிஜ், இரண்டு ஃபேன், நெபுலைசர் என்று லோடு ஏறியதும் பெட்டி தகர டப்பாவாக அதிர ஆரம்பித்தது. அதே போன், அதே இடம்: 85. போன் ஆப் துல்லியமான மீட்டர் இல்லைதான். ஆனால் மூன்று டெசிபல் குறைந்தால் காதுக்கு லேசாகத்தான் தெரியும். பாதியாகக் குறைந்த மாதிரி தோன்றவே பத்து டெசிபலாவது குறைய வேண்டும்.

சத்தத்தோடு போயிருந்தால் சரி என்று விட்டிருப்பேன். முப்பது நிமிடம் போல ஆனதும் எஞ்சின் இழுத்து இழுத்து ஓடியது, பல்பு மங்கிப் பிரகாசமானது, அப்புறம் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து அம்மா, "தலை பாரமா இருக்குடா, பொரட்டுது" என்றார். சந்துக் கதவைத் திறந்தபோதுதான் புகை முகத்தில் அடித்தது. அம்மாவை உடனே வாசலுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தோம். கொஞ்ச நேரத்தில் தெளிந்தார். பெட்ரோல் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எஞ்சின் நிற்காமல் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிக்கப் பிடிக்கவில்லை.

காலையில் பெட்டியைத் திறந்தேன். சைலன்சருக்கு எதிரே முட்டை அட்டை மாதிரி ஒட்டியிருந்த ஃபோம் உருகி, கருப்புப் பாகாக வழிந்து, டேங்குக்கு நான்கு விரற்கடை மேலே நூல் நூலாகத் தொங்கியது. டேங்கில் அரை அளவு பெட்ரோல். காற்றுக்கென்று இருந்தது கம்ப்யூட்டர் கேபினட்டில் வைக்கிற சின்ன ஃபேன் ஒன்று, அதுவும் வளைந்து போயிருந்தது. ஓரத்துத் தகட்டை நெம்பிப் பார்த்தால் நடுவில் ராக்வுல் இல்லை, தெர்மோகோல்.

காசிமேட்டில் படகு எஞ்சின் வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் ஜெனரேட்டரைக் கொண்டுபோனேன். பார்த்த உடனே கேட்டார்: "மூக்கைப் பொத்திக்கினு ஓடுன்னா எவன் ஓடுவான் தம்பி?" இந்தச் சின்ன எஞ்சின்களில் பெட்ரோலின் சக்தியில் கால்பங்கு கரண்டாக வந்தாலே பெரிய விஷயம். மீதியெல்லாம் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டை எடுத்துப்போக இருப்பது காற்று மட்டும்தான். மூடிய பெட்டிக்குள் எஞ்சின் தன் புகையையும் சூட்டையுமே திரும்பத் திரும்பக் குடித்திருக்கிறது. ஏவிஆர் அதில்தான் வெந்தது.

சத்தத்தைத் தடுப்பது ஃபோம் இல்லை, கனம் என்றார் அவர். ஃபோம் உள்ளே எதிரொலியைக் கொஞ்சம் உறிஞ்சும், எஞ்சினின் தடதடப்பை அது ஒன்றும் செய்யாது. தெர்மோகோல் இரண்டுக்கும் உதவாது, தீ மட்டும் நன்றாகப் பிடிக்கும். உண்மையாகப் பெட்டி செய்கிறவர் முதலில் காற்று எங்கே நுழைந்து எங்கே போகிறது என்றுதான் பேசுவார். ஒருபக்கம் கீழே பெரிய வழி, எதிர்ப்பக்கம் மேலே அதைவிடப் பெரிய வழி, இரண்டுமே நேராக இல்லாமல் ராக்வுல் ஒட்டிய வளைவாக. சைலன்சர் குழாய் பெட்டியைத் தாண்டி வெளியே, ஜன்னல் இல்லாத பக்கம். அடியில் ரப்பர். என் ஆள் காற்று என்ற வார்த்தையையே எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பட்டறைக்காரர் மூன்று நாள் போனை எடுக்கவில்லை. நேரில் போனால், "வாரண்டி பொட்டிக்குத்தான் சார், மிஷினுக்கு இல்ல" என்றார். கார்டைக் காட்டினேன். "இதுல எங்க சார் ராக்வுல்னு எழுதிருக்கு?" எழுதவில்லைதான். கத்திப் பார்த்ததில் 2,000 ரூபாய் கைக்கு வந்தது. பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்கிற இன்னும் இரண்டு இடங்களை அப்புறம் பார்த்தேன்.

இப்போது ஜெனரேட்டர் மொட்டை மாடியில், ஜன்னல்களிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரத்தில் நிற்கிறது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஆறு டெசிபல் குறையும், அதற்குக் காசு கிடையாது. அக்கா வீட்டுப் பக்கம் மட்டும் சாலிட் பிளாக்கில் சுவர், தலைக்கு மேல் திறப்பு, அடியில் பழைய டயர்த் துண்டுகள், புகை தண்டவாளப் பக்கம். சத்தம் கேட்கத்தான் செய்கிறது. பத்து மணிக்கு நிறுத்திவிடுகிறேன், அக்காவும் ஒன்றும் சொல்வதில்லை.

பெட்டியைப் போன வாரம் பழைய இரும்புக் கடைக்குப் போட்டேன். 70 கிலோவைத் தாண்டும் என்ற பெட்டி தராசில் 41 கிலோ நின்றது. 18 கேஜ் என்றதும் பொய்தான், அதைவிட மெல்லிசான 24 கேஜ் தகடு. கடைக்காரர் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, "தெர்மோகோல நீயே எடுத்துக்கினு போய்டுப்பா" என்றார்.