ஆட்டுக்கறி அடுப்பில் இல்லாதபோது திறக்கக் கூடாத ஒயின்

இத்தாலியின் தெற்கே, பசிலிகாத்தா மாநிலத்தின் வடக்கு மூலையில், எப்போதோ அணைந்துபோன வூல்துரே எரிமலை 1,326 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. அதன் சரிவுகளில் விளையும் அல்யானிகோ என்ற கருந்திராட்சையை மட்டும் கொண்டு செய்யப்படும் சிவப்பு ஒயின்தான் அல்யானிகோ டெல் வூல்துரே. மலையடிவாரத்து ஊரான ரியோநெரோவில் 18 யூரோவுக்கு வாங்கிய 2016ஆம் ஆண்டுப் புட்டி ஒன்றை இரண்டு இரவுகளில் குடித்து முடித்தேன்.

முதல் இரவில், சாப்பாடு வருவதற்கு முன்பே பொறுமையிழந்து ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டது என் தவறு. மணம் அருமையாகத்தான் இருந்தது. புளிப்புச் செர்ரி, கறுப்புப் பிளம், அவற்றுக்குப் பின்னால் அணைந்த அடுப்பின் புகைபோல ஏதோ ஒன்று. வாயில் பட்டதும் நாவல்பழம் தின்றது போல நாக்கும் ஈறும் இறுகிப் போயின. துவர்ப்பையும் ஒரு சுவையாகவே எண்ணி அறுசுவையில் சேர்த்தவர்கள் நாம் என்றாலும், இந்த அளவுத் துவர்ப்பை வெறும் வாயில் யாரும் விரும்பிக் குடிக்க மாட்டார்கள்.

அந்தத் துவர்ப்புக்கும் அதனோடு சேர்ந்து வரும் கூர்மையான புளிப்புக்கும் காரணம் திராட்சையிலும் மலையிலுமே இருக்கிறது. அல்யானிகோ மிகத் தாமதமாகப் பழுக்கும் வகை. தெற்கின் பிற தோட்டங்களில் அறுவடை முடிந்து பல வாரங்கள் ஆன பிறகு, அக்டோபர் இறுதியிலும் சில ஆண்டுகளில் நவம்பரிலும்தான் இங்கே குலைகளை வெட்டுகிறார்கள். பகலில் வெயில் எவ்வளவு காய்ந்தாலும் உயரத்தின் காரணமாக இரவில் குளிர் இறங்கிவிடுவதால் பழத்தின் புளிப்பு கரையாமல் நிற்கிறது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் எரிமலை மண் கோடையில் கொடியை வாடவிடுவதில்லை.

பிறகு குத்துரித் வந்தது. செம்மறிக் கறியை உருளைக்கிழங்கும் தக்காளியும் சேர்த்து நெடுநேரம் வேகவைக்கும், மேய்ப்பர்களின் பழைய குழம்பு அது. கறியின் கொழுப்பு உதட்டில் ஒட்டியிருக்கும்போதே ஒரு மிடறு குடித்தேன். சற்று முன்பு வாயை இறுக்கிய அதே ஒயின் இப்போது கொழுப்பைத் துடைத்துவிட்டுப் பழச்சுவையை மட்டும் விட்டுச் சென்றது. உமிழ்நீரின் புரதத்தைப் பற்றி இறுக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளுக்குப் பற்றிக்கொள்ளக் கறியின் புரதமும் கொழுப்பும் கிடைத்துவிட்டன என்பதுதான் இதன் விளக்கம். தொட்டுக்கொள்ள வந்த செனீசே மிளகாய் இன்னொரு வியப்பு. காரமே இல்லாத அந்தச் சிவப்பு மிளகாயை உலர்த்தி, ஆலிவ் எண்ணெயில் சில நொடிகள் மட்டும் பொரித்தெடுக்கிறார்கள். நொறுங்கும் அதன் இனிப்பும் லேசான கசப்பும் ஒயினின் புகைமணத்தோடு ஒன்றிவிடுகின்றன.

எல்லாத் தட்டுக்கும் இது ஒத்துவராது. மீனோடு குடித்தால் வாயில் உலோக வாடை அடிக்கும். காரம் மிகுந்த உணவோடு சேர்த்தால் எரிச்சல் இரட்டிப்பாகும். பக்கத்துப் புல்யா மாநிலத்தின் பிரிமித்தீவோவைப் போலச் சாப்பாடு இல்லாமலும் இதமாக இறங்கும் ஒயினைத் தேடுகிறவர்கள் இதை வாங்கி ஏமாற வேண்டாம். வடக்கு இத்தாலியின் புகழ்பெற்ற சிவப்பு ஒயினான பரோலோவை வைத்து, இதைத் 'தெற்கின் பரோலோ' என்று புகழ்வதும் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பட்டம், வடக்கின் நிழலில் நிற்க வேண்டாத ஒன்றை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

பரிமாறும் விதமும் முக்கியம். அதே பயணத்தில் ஓர் உணவகத்தில் ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கத்தில் கிடந்த புட்டியை அப்படியே திறந்து ஊற்றினார்கள்; ஆல்கஹாலின் காந்தலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. 16 முதல் 18 டிகிரி வரையிலான குளிர்ச்சி போதும், ஆனால் இரண்டு மணி நேரமாவது முன்னதாகத் திறந்து அகன்ற குடுவையில் ஊற்றி வைக்க வேண்டும். 1971இல் டி.ஓ.சி. என்ற இத்தாலிய ஒயின் தரச்சான்று பெற்ற இந்த ஒயினின் சுப்பீரியோரே வகைக்கு 2010இல் அதற்கும் மேலான டி.ஓ.சி.ஜி. கிடைத்தது. கூடுதல் ஆண்டுகள் முதிர்ந்து சந்தைக்கு வரும் அந்த வகைக்குப் பணம் சற்று அதிகமானாலும் கொடுக்கலாம். புது மரப்பீப்பாயின் வனிலா வாடை தூக்கலாக இருக்கும் புட்டிகளுக்கு நான் கொடுக்க மாட்டேன்.

தக்கையிட்டு வைத்த பாதிப் புட்டியை மறுநாள் இரவு மத்தேரா ரொட்டியோடும், மொலித்தேர்னோவின் முதிர்ந்த ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோடும் குடித்தேன். துவர்ப்பு பாதியாகத் தணிந்திருந்தது. முதல் நாள் தலைகாட்டாத உலர்ந்த அத்தியின் மணமும் பதனிட்ட தோலின் மணமும் அப்போதுதான் வெளிவந்தன.