கொழும்பு வழியாக நாகர்கோவில்

நாகர்கோவில்காரனுக்கு விமான நிலையம் என்றால் திருவனந்தபுரம்தான். மாநிலம் வேறு என்றாலும் எழுபது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். தூத்துக்குடி வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்திருக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் வெளிநாட்டிலிருந்து நேராக வந்து இறங்க நினைப்பவனுக்கு அது இன்னும் உதவாது. குமரி மாவட்டத்துக்கென்றே ஒரு விமான நிலையம் வேண்டும் என்ற கோரிக்கையும் இருக்கிறது. தேர்தல் வந்தால் எழுந்து உட்காரும், முடிந்ததும் படுத்துவிடும்.

மெல்பர்னிலிருந்து ஊருக்கு வருகிற எங்களுக்குச் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு என்று வழிகள் உண்டு. இந்த முறை கொழும்பு. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் டிக்கெட் விலை தோதாக இருந்தது. மெல்பர்னில் ஒப்படைக்கும் பெட்டியைத் திருவனந்தபுரத்தில்தான் திரும்பப் பார்க்கப் போகிறோம் என்பதும் ஒரு நிம்மதி.

வீட்டில் சொன்னதும் மாமா கேட்டது ஒரே கேள்வி. "அந்தக் கம்பெனி இன்னும் ஓடுதா மக்கா? வித்துட்டாங்கன்னு சொன்னாவ?"

விற்கவில்லை. விற்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பயணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மெல்பர்னிலிருந்து ஏர்பஸ் ஏ330. பத்தரை, பதினொரு மணி நேரம் உட்கார வேண்டிய விமானம், காலை நீட்ட இடம் இருந்தது. மயில்தோகை போட்ட சேலையில் பணிப்பெண்கள். அறிவிப்புகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று வரிசையாக வருகின்றன. சீட் பெல்ட் போடச் சொல்வதைத் தமிழில் கேட்டதும் பக்கத்து வரிசைப் பாட்டி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து பெல்ட்டைத் தேடினார். அதுவரை ஆங்கிலத்தில் எத்தனை முறை சொல்லியும் அசையாதவர். சாப்பாட்டில் சோறும் பருப்பும் ஒரு சம்பலும். சம்பலுக்காகவே இன்னொரு முறை வரலாம்.

கொழும்பிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சிறிய விமானம். வானத்தில் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது, ஜூஸ் குடித்து முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடுகிறது. என் பக்கத்தில் மாலத்தீவில் ஆசிரியையாக இருக்கும் மார்த்தாண்டத்துப் பெண். பின்வரிசையில் கண்டியும் நுவரெலியாவும் பார்த்துவிட்டுத் திரும்பும் மலையாளிக் குடும்பங்கள். யார் எதற்காக இந்த விமானத்தில் ஏறுகிறார்கள் என்று பார்த்தாலே அந்த நிறுவனத்தின் பிழைப்பு எதை நம்பியிருக்கிறது என்பது பாதி புரியும்.

இலங்கையின் முதல் விமான நிறுவனம் ஏர் சிலோன், 1947-ல் தொடங்கியது. அது மூடப்பட்ட பிறகு 1979-ல் ஏர் லங்கா வந்தது. 1998-ல் எமிரேட்ஸ் பங்கு வாங்கி நிர்வாகத்தையும் எடுத்தபின்தான் ஸ்ரீலங்கன் என்ற பெயர். 2001 ஜூலையில் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் விமானங்களைப் பறிகொடுத்தும் மீண்டு வந்தார்கள். எமிரேட்ஸுடன் முறிவு வேறு விதமாக வந்தது. 2007 கடைசியில் லண்டனிலிருந்து திரும்பிய இலங்கை ஜனாதிபதியின் பரிவாரத்துக்காக, டிக்கெட் எடுத்த பயணிகளை இறக்க முடியாது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. எமிரேட்ஸ் நியமித்த தலைமை அதிகாரியின் வேலை அனுமதி ரத்தானது. அடுத்த வருடம் எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டு விலகியது. அதன் பிறகு நஷ்டம் வழக்கமாகிப் போனது. 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் மட்டும் இலங்கை ரூபாயில் 4,500 கோடி. கொரோனா வருடம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொரோனாவுக்கு முன்பும் நிலைமை நன்றாக இல்லை.

நடுவில் செய்த காரியங்களைக் கேட்டால் தலை சுற்றும். 2013-ல் திறந்த மத்தளை விமான நிலையத்தை இரண்டாவது மையமாக்கி அங்கே விமானங்களை ஓட்டினார்கள், 2015 ஜனவரியில் நிறுத்தினார்கள். ஏ350 விமானங்களைக் குத்தகைக்குப் பேசிவிட்டு 2016-ல் வேண்டாமென்று சொல்ல, வராத விமானங்களுக்கு இழப்பீடு கட்ட வேண்டியதாயிற்று. அதே வருடம் பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட் தடங்களை மூடினார்கள். பாரிஸ் பிறகு திரும்ப வந்தது. எனக்கு வேண்டிய மெல்பர்ன் தடம் 2017 அக்டோபரில் தொடங்கியது.

இதில் நம் ஊர்ப்பக்கத்துச் சம்பந்தம் ஒன்று உண்டு. 2022-ல் இலங்கையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் மக்கள் வரிசையில் நின்றபோது விமானத்துக்கும் எரிபொருள் இல்லை. மே மாதக் கடைசியில் கொழும்பு–மெல்பர்ன் விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கி, டேங்கை நிரப்பிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தது. அடுத்த சில வாரங்களில் இலங்கைக்குப் போய்வரும் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் அப்படி நிரப்பிக்கொண்டு போயின. நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் நடந்தது இது. ஊரில் யாரைக் கேட்டாலும் "அப்படியா?" என்கிறார்கள்.

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு டிராவல்ஸில் திரும்பும் டிக்கெட்டின் தேதியை மாற்றப் போயிருந்தேன். அந்த அண்ணன் கம்ப்யூட்டரில் கொழும்புத் தடங்களைக் காட்டிக்கொண்டே பேசினார். சென்னை, திருச்சி, மதுரை, திருவனந்தபுரம், கொச்சி, பெங்களூரு என்று தென்னிந்தியாவில் மட்டும் இத்தனை ஊர்கள். "இவங்ககிட்ட பிளேன் கம்மி சார். ஒண்ணு நின்னா எல்லாம் ஆடும்" என்றார். உண்மைதான். இருபது சொச்சம் விமானங்கள், எல்லாமே ஏர்பஸ். 2023-ல் ஏ320 நியோ வகையில் சிலவற்றுக்கு மாற்று இன்ஜின் கிடைக்காமல் தரையில் நிறுத்திவைக்க, தாமதங்கள் நாளிதழ்ச் செய்தியாயின. 2024 பிப்ரவரியில் லாகூரிலிருந்து வந்த ஏ330-ல் எலி ஒன்று தென்பட்டு, வயரைக் கடித்திருக்குமோ என்று மூன்று நாள் நிறுத்திச் சோதித்தார்கள். இருநூறு விமானம் வைத்திருப்பவனுக்கு அது சிரிப்புச் செய்தி. இவர்களுக்கு அட்டவணையே குலைந்துபோகும்.

அண்ணன் சொன்ன யோசனை பயனுள்ளது. மெல்பர்னிலிருந்து கொழும்பு ஒரு டிக்கெட், கொழும்பிலிருந்து திருவனந்தபுரம் வேறு டிக்கெட் என்று பிரித்து எடுக்காதீர்கள். மொத்தமும் ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. ஐயாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் கட்டுநாயக்கவில் பெட்டியோடு உட்கார வேண்டாம்.

சரி, விற்பனைக் கதை. 2022-ல் ரணில் விக்ரமசிங்க பிரதமரானதும் தனியாருக்குக் கொடுப்போம் என்றார். அதன்பின் வாங்க விருப்பமுள்ளவர்கள் யார் என்று கேட்டார்கள், 2024-ல் சில நிறுவனங்கள் வந்தன, ஆனால் கடன் சுமையைப் பார்த்தால் யாருக்குத்தான் கை நீளும்? அரசு உத்தரவாதத்தோடு வாங்கிய 17.5 கோடி டாலர் கடன் பத்திரமே அந்தரத்தில் நின்றது. 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். புது அரசு விற்பனையைக் கைவிட்டு, சீர்திருத்தி நடத்துவோம் என்றது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் பழைய கடனுக்காக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள்.

மாமாவுக்கு இது ஏற்கவில்லை. வளைகுடாவில் வேலை பார்த்த காலமெல்லாம் ஏர் இந்தியாவில் போய்வந்தவர். "நம்மளத டாடாகிட்ட கொடுத்தாச்சு. அவனுவளும் கொடுத்துட்டுப் போகலாம்லா?" டாடா 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவை எடுத்தபோது கடனில் பெரும்பகுதியை அரசே தன் தலையில் போட்டுக்கொண்டது. திவால் ஆன கையோடு இலங்கை அரசுக்கு அந்தத் தெம்பு எங்கே என்று கேட்டேன். மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

என் எண்ணம் இதுதான். யார் கையில் இருந்தாலும் தென்னிந்தியத் தடங்கள்தான் அந்த நிறுவனத்தின் சோறு. இலங்கைக்கு 2024-ல் வந்த சுற்றுலாப் பயணிகள் இருபது லட்சத்தைத் தாண்டினார்கள், அதில் இந்தியர்களுக்கே முதலிடம். மெல்பர்ன், சிட்னி விமானங்களில் கணிசமானவர்கள் கொழும்பில் இறங்குவதில்லை. மாறி ஏறிச் சென்னைக்கோ திருச்சிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகிறார்கள். சின்ன விமானங்கள் நின்றால் பெரிய விமானங்களில் இருக்கை காலியாகும். ஆனால் விமானத் தட்டுப்பாடு வந்தால் ஒரு மணி நேரத் தடத்தில்தான் முதலில் கத்தரி விழும் என்ற பயமும் எனக்கு இருக்கிறது. கொடி பறக்கும் லண்டன் தடத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

என்னைக் கடுப்பேற்றியது விமானமே அல்ல, வாடகைக் கார். பேசிய தொகை ஒன்று, மாநில எல்லையான களியக்காவிளை தாண்டியதும் பெர்மிட் காசு, டிரைவர் பேட்டா என்று சேர்த்துக் கேட்ட தொகை வேறு. திரும்பும்போது வேண்டாமென்று திருவனந்தபுரம் ரயில் நிலையம் இருக்கும் தம்பானூர் வரை ரயிலில் போய் அங்கிருந்து ஆட்டோ பிடித்தேன். பெட்டி இரண்டுக்கு மேல் இல்லை என்றால் அதுவே போதும்.

அப்புறம் ஒன்று. பத்மநாபசுவாமி கோயிலில் சுவாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் ஆராட்டு ஊர்வலம் திருவனந்தபுரம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். பங்குனியிலும் ஐப்பசியிலும் அந்த ஒரு மாலை சில மணி நேரம் விமானப் போக்குவரத்தே கிடையாது. அந்த மாதங்களில் வருகிறவர்கள் ஆராட்டுத் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.