ஸ்ரீலங்கா காலி (Galle) ரோட்டு ஆமை ஹேட்சரி, போகலாமா?

ஸ்ரீலங்கா டூர் போனவங்க பாத்துருப்பீங்க, பென்டோட்டா தாண்டி காலி ஊருக்கு போற ரோட்டுல கொஸ்கொட பக்கம் வரிசையா ஆமை ஹேட்சரி (முட்டைய பொரிய வச்சு குஞ்ச கடல்ல விடுற இடம்) போர்டு தான், அதுல ஒண்ணுக்குள்ள குடும்பத்தோட போனோம், பேர் வேண்டாம்.

நல்லதை முதல்ல சொல்லிடுறேன். முட்டைய தோண்டி எடுக்குற ஆளுங்ககிட்ட காசு குடுத்து வாங்கி மணல்ல திரும்ப புதைக்கிறாங்க, வாங்கலன்னா அது யார் வீட்டு அடுப்புக்கோ போயிடும். குழிக்கு குழி குச்சி நட்டு தேதி, எந்த வகை, எத்தனை முட்டைன்னு எழுதியிருக்கு. தனித் தொட்டில ஒரு பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி), வலையில மாட்டி முன் துடுப்பு ஒண்ணு போயிடுச்சு, மிச்சம் இருக்கற அடிப்பகுதில நைலான் இறுக்கின வரி அப்படியே தெரியுது. அத கடல்ல விட்டா பொழைக்காது, வச்சு பாத்துக்கறது நியாயம் தான்.

கடுப்பானது குஞ்சுத் தொட்டிகிட்ட. பொரிஞ்சு ரெண்டு மூணு நாள் ஆனதெல்லாம் சுவத்துல முட்டி முட்டி நீந்திட்டே இருக்கு, பாக்குறவங்க ஐயோ க்யூட்டுன்றாங்க. மணல்லேந்து வர்றப்ப வயித்துல மிச்சம் இருக்கற மஞ்சக்கரு தாங்க அதோட கட்டுச்சோறு, அத வச்சு முதல் நாள் நிக்காம நீந்தி கரையோர மீனு, பறவை கண்ணுல மாட்டாம ஆழத்துக்கு போயிடணும், அந்த தெம்பெல்லாம் இங்க சிமெண்ட் சுவத்துலயே தீந்துடுது. கேட்டா "கொஞ்சம் பெருசாகட்டும் சார், பலமாகும்"னு பதில். இதுல வர்றவன் போறவன் எல்லாம் சன்ஸ்க்ரீன் பூசின கையால தூக்கி செல்ஃபி வேற. எங்க பையன் கையிலயும் வைக்க வந்தாங்க, வேணாம்னுட்டோம், ஹோட்டல் வர்ற வரைக்கும் மூஞ்ச தூக்கி வச்சிட்டிருந்தான்.

தனியா காசு கட்டினா பகல்லயே கடல்ல விடலாமாம். நல்ல வெயில்ல, மேல காக்கா சுத்துது!! நம்ம சென்னை பெசன்ட் நகர்ல மாணவர்கள் 1988லேந்து ஆமைக்காக ராத்திரி ராத்திரி கடற்கரைல நடக்குறாங்களே, அவங்க குஞ்சு விடுறத பாத்தவங்களுக்கு இது ரொம்ப உறுத்தும். அங்க பொரிஞ்சதும் இருட்டுற நேரமா பாத்து விட்டுடுவாங்க, குஞ்சு தானே மணல்ல ஊர்ந்து போகும், நம்ம தள்ளி நின்னு பாக்கணும், டிக்கெட்டும் கிடையாது.

ஸ்ரீலங்காலயே பாக்கணும்னா இன்னும் தெக்க, தங்காலை பக்கத்துல ரெக்கவ கடற்கரை இருக்கு. முட்டைய இடம் மாத்தாம அங்கயே காவல் காக்குறாங்க, ராத்திரி தாய் ஆமை கரையேறுறத பாக்கலாம், டார்ச் ஃப்ளாஷ் எல்லாம் கூடாது, ஆமை வரலன்னா வெறுங்கையோட திரும்ப வேண்டியது தான். கைக்குழந்தை வச்சிருக்கவங்களுக்கு செட் ஆகாது.

கொஸ்கொடக்கு 5க்கு 2. போனா குழியையும் அடிபட்ட ஆமையையும் பாத்துட்டு டொனேஷன் போட்டுட்டு வாங்க, பகல் ரிலீசுக்கு மட்டும் காசு குடுக்காதீங்க. பார்க்கிங் இருக்கு, பாத்ரூம் சுமார்.