சிங்க் சத்தம்: மேட்டா, ஸ்ப்ரேயா, ஷீட்டா?

எங்கள் எவர்சில்வர் சிங்கில் ஒரு கரண்டி விழுந்தால் போதும், அடுத்த அறையில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார். குழாயைத் திறந்தாலே தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன் தொட்டிக்கு அடியில் பியூட்டைல் ஷீட் (பிசின் போல ஒட்டும் ஒரு வகை ரப்பர் தாள்) ஒட்டினேன். இப்போதும் என் ஓட்டு அதற்குத்தான்.

முதலில் வாங்கியது ரப்பர் மேட். விழுகிற பாத்திரத்தைத் தாங்கும், ஆனால் பக்கச் சுவரில் பட்டால் பழைய கதைதான். அடியில் பிசுக்கு வேறு சேரும். ஒரு மாதத்தில் எடுத்து வைத்துவிட்டேன்.

புதிதாக சிங்க் வாங்குகிறவர்கள் தடித்த தகடாகப் பார்க்கலாம். கேஜ் எண் குறைந்தால் தடிமன் கூடும்: 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ., 16 கேஜ் சுமார் 1.5 மி.மீ. அதிலும் அடியில் ரப்பர் பட்டை ஒட்டி வருகிறதா என்று குனிந்து பாருங்கள். இருக்கிற சிங்க்கைப் பெயர்க்க எனக்கு மனம் வரவில்லை.

மீதி இருந்தது தொட்டியின் அடியில் அடிக்கிற ரப்பர் ஸ்ப்ரேயும் ஷீட்டும். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: தொட்டியின் அடியில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, உள்ளே விரலால் தட்டுங்கள். மேளத்தோலில் கை வைத்தது போல ஒலி சட்டென்று அடங்கும். ஷீட்டும் இதைத்தான் நிரந்தரமாகச் செய்கிறது. சுமார் 2 மி.மீ. பியூட்டைல், அதன் முதுகில் அலுமினியத் தகடு. எவர்சில்வர் அதிரும்போது நடுவிலிருக்கும் பியூட்டைல் இழுபட்டு, அந்த அதிர்வை வெப்பமாக்கிவிடும். அதனால் தொட்டி முழுவதும் மூட வேண்டியதில்லை. அடிப்பக்கத்தில் ஒன்று, பக்கங்களில் இரண்டு என்று பாதிப் பரப்பைத்தான் மூடினேன்.

ரப்பர் ஸ்ப்ரே வளைவுகளிலும் மூலைகளிலும் சீராகப் படியும். ஒழுங்காக அடித்தால் குளிர்ந்த தண்ணீர் விடும்போது அடியில் வியர்த்துச் சொட்டுவதும் குறையும். ஆனால் பொருத்திவிட்ட சிங்க்குக்கு, மூடிய அலமாரிக்குள் தலையை விட்டு அடிக்க வேண்டும். நெடி தாங்காது. ஃபோம் பக்கம் போகவே வேண்டாம். உப்பிப்போய் எல்லாவற்றையும் அடைத்துக்கொள்ளும்.

என்னை முடிவெடுக்க வைத்தது சத்தமே இல்லை, வேஸ்ட் கப்ளிங், அதாவது சிங்க்கின் ஓட்டையைக் கழிவுநீர்க் குழாயோடு இணைக்கிற பாகம். அதன் வாஷர் என்றைக்காவது ஒழுகத்தான் செய்யும். அன்றைக்கு அடியிலுள்ள நட்டைத் திருப்பியாக வேண்டும். ஸ்ப்ரே அந்த நட்டிலும் மரையிலும் படிந்து காய்ந்திருந்தால் முதலில் சுரண்டல் வேலைதான். மறைத்துவிட்டு அடிக்கலாம், சரி, ஆனால் மல்லாந்து படுத்துக்கொண்டு எவ்வளவு துல்லியமாக மறைப்பது? ஷீட்டைக் கத்தரியால் வெட்டி, கப்ளிங்கையும் கிளிப்புகளையும் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டேன். எட்டு மாதத்தில் ஒழுகியது. பிளம்பர் ஷீட்டைத் தொடாமலே வாஷரை மாற்றினார். கழற்றியே ஆக வேண்டுமென்றால் ஹேர் டிரையரால் சூடு காட்டி உரிக்கலாம்.

ஒட்டுமுன் எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். அப்புறம் ரோலரால் அழுத்த வேண்டும். தினமும் சுடுதண்ணீர் ஊற்றியும் இதுவரை ஓரம்கூடப் பெயரவில்லை. பத்து வருடம் தாங்குமா என்றால், எனக்கு இரண்டு வருட அனுபவம்தான். தார் ஷீட் விலை குறைவு, ஆனால் சூட்டில் இளகி வாடை வரும்.

இப்போது கரண்டி விழுந்தால் 'தொப்' என்பதோடு சரி. கனமான இரும்புச் சட்டியைக் கழுவும்போது மட்டும் கீறல் விழாமலிருக்க அந்தப் பழைய மேட்டை எடுத்து விரிக்கிறேன்.