மாங்குளத்து ஜீப்: அசல்படியா, டீசலா?

வன்னியில், மாங்குளத்தில் எங்கட கொட்டிலுக்குள் நிற்கிற இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பை என்ன செய்வது என்று வீட்டில் இரண்டு கட்சி. ஒன்று, அசல்படி: 2.2 லீற்றர், 60 குதிரைவலுப் பெற்றோல் எஞ்சின், 6 வோல்ற் வயரிங், மங்கல் பச்சை. மற்றது, டீசல் எஞ்சினும் 12 வோல்ற் பற்றரியும் போட்டு வயலுக்கு ஓட்டுவது.

டீசல் மலிவு, பாகமும் கைக்கெட்டும். உள்நாட்டுப் போரில் எரிபொருள் வராத தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டவைத்த எங்கட மெக்கானிக்மாருக்கு அது பெரிய வேலையில்லை.

அசல்தான் ஆளை இழுக்கும். துருவைச் சுரண்ட, ஒரு போல்ற் தலையில் 'எஃப்' தெரிந்தது. இந்த ஜீப்பை வில்லிஸ், ஃபோர்ட் என்று இரண்டு கம்பனிகள் செய்தன; இது ஃபோர்ட் தன் பாகங்களில் பொறித்த எழுத்து. ஒரு போல்ற்றை நம்பேலாது, யாரும் மாற்றிப் பூட்டியிருக்கலாம். முன் குறுக்குச் சட்டத்தைத் தடவினேன். உருண்டைக் குழாயென்றால் வில்லிஸ், கவிழ்த்த 'ப' என்றால் ஃபோர்ட். கைக்கு அகப்பட்டது 'ப'.

அடையாளக் குறியில்தான் பலர் சறுக்குவது. ஜீப்பென்றால் அமெரிக்க வெள்ளை நட்சத்திரம் என்று அடித்துவிடுவார்கள். அந்தப் போரில் இலங்கையில் அதிகம் நின்றது பிரித்தானியப் படை. அவர்களுடைய ஜீப்பென்றால் பொனற் பக்கத்தில் 'எம்' எழுத்தில் தொடங்கும் இலக்கம் வரவேண்டும்.

நான் அசல் பக்கம். ஆனால் உள்நாட்டுப் போர் கண்ட இந்த ஊரில், இராணுவப் பச்சையோடு யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் இறக்கினால் சனம் எப்படிப் பார்க்கும்? பெயின்ற்றை மட்டும் இன்னும் வாங்கவில்லை.